மேல் அலமாரிக் காப்பி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோகனா கோயிலுக்குப் புறப்பட்டுப் போனதும், பரமேஸ்வரன் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு காப்பிப் பொட்டலங்களைக் கத்தரிக்க உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக வாயைக் கத்தரித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தூளைக் கொட்டினான். பொட்டலத்தின் மேல் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கறுப்புக் குதிரை. அந்தக் குதிரையை வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது. காலி உறைகளை நாளிதழில் சுருட்டினான். அதையும் வீட்டுக் குப்பையில் போடாமல், தெருக்கோடியில் இருக்கும் பெரிய தொட்டி வரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தான். பாட்டிலை மேல் அலமாரியில், சோம்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தான்.

புக்கிட் ரம்பாயில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. பிறந்தது ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில். அப்பா ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், செம்பனையை அழித்து வீடு கட்டினார்கள். அந்த வீடுகளில் ஒன்றை வாங்க வழியில்லாதவர்கள் எல்லாம் இப்படித் தொழிற்சாலைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பரமேஸ்வரன் வாயாடி இல்லை. கோயில் திருவிழாவில் அன்னதானப் பானையைக் கிளறச் சொன்னால் கிளறுவான், மேடையில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் கழிப்பறைக்குப் போய்விடுவான். ஐம்பதைத் தொட்டபோது சர்க்கரை வந்தது. அது வந்த கையோடு வேறொன்று போனது. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, மோகனாவும் பேசவில்லை. கட்டிலில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, தூங்கிவிட்டதுபோல மூச்சுவிடப் பழகிக்கொண்டார்கள்.

பேசவில்லையே தவிர, அவன் சும்மா இருக்கவில்லை. பாசாருக்குப் போனால் முருங்கைக்காயை அள்ளிக்கொண்டு வந்தான். பெத்தாய்க் கொட்டையைப் பச்சையாகக் கடித்து வீடு முழுக்க நாற வைத்தான். கம்போங் நாட்டுக்கோழி முட்டையை உடைத்துத் தேன் ஊற்றி ஒரே மடக்கில் விழுங்கினான். எஸ்டேட்டுக்கார நண்பன் ஒருவன் உடும்புக்கறி கொண்டுவந்து கொடுத்தபோது, காட்டுக்கோழி என்று சொல்லி மோகனாவிடம் சமைக்கக் கொடுத்தான். அவள் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காட்டுக்கோழிக்கு இவ்ளோ நீட்டு வாலா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு வறுத்துக் கொடுத்தாள். உளுத்தங்கஞ்சி, பாதாம்பால், உம்பாய் நண்டு என்று எது வந்தாலும் சமைத்தாள். "கடைக்காரன் முருங்கைக்காய உங்க தலையில கட்டிட்டானா?" என்று ஒருமுறை சிரித்தாள். அவ்வளவுதான்.

எதுவும் வேலைக்கு ஆகவில்லை. அப்புறம்தான் முனியாண்டி வந்தான். அதே தொழிற்சாலையில் லாரிக்குச் சாமான் ஏற்றுகிறவன். சாப்பாட்டு நேரத்தில் இந்தக் காப்பியை விற்பான்.

"அண்ணே, காயி கறின்னு சும்மா வயித்த ரொப்பாதீங்கலா. இத ஒரு கப்பு அடிச்சுப் பாருங்க. உங்க ஃபோர்க்லிஃப்ட்டே வெக்கப்படும்."

"போடா, வாய மூடு" என்றான் பரமேஸ்வரன். ஆனால் வாங்கிக்கொண்டான்.

காப்பி வேலை செய்தது. அதுதான் வினையே. மோகனா காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவன் சட்டையை இஸ்திரி போடும்போது காலரைத் தடவிக் கொடுத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பயம் கூடியது. அவள் சிரிப்பது தன்னைப் பார்த்து அல்ல, சோம்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பாட்டிலைப் பார்த்து என்று தோன்றும். அது என்ன பாட்டில் என்று அவள் ஒருநாள் கேட்டபோது, "சக்கரைக்காரங்க குடிக்கிற கோப்பி" என்று சொல்லி வைத்தான்.

சர்க்கரை பார்க்கும் கிளினிக்கில், நண்பனுக்காகக் கேட்பதுபோல டாக்டரிடம் மெல்ல விசாரித்தான். டாக்டர் தமிழர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. அதுல வெறும் வேர் மட்டும் இருக்காது. மாத்திரையப் பொடி பண்ணிப் போட்டிருப்பான். எவ்வளவுன்னு போட்டவனுக்கே தெரியாது. உங்க ஃப்ரெண்டுக்கு நெஞ்சுவலி இருக்கா? நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறாரா?"

"இல்ல டாக்டர்."

"வச்சா ரெண்டும் சேர்ந்து பிரஷரக் கீழ தள்ளிடும். அப்புறம் ஆள எழுப்ப முடியாது."

தனக்கு நெஞ்சுவலி இல்லை என்ற தைரியத்தில் பரமேஸ்வரன் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். அது இந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டிலை ஒளித்துவிட்டுப் போனவன் உம்பாய்க் கடற்கரையிலிருந்து நண்டுப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் திரும்பி வந்தது.

கூடத்தில் மாமனார் சாமிக்கண்ணு உட்கார்ந்திருந்தார். செர்காமில் மகன் வீட்டில் இருப்பவர். யாரோ தெரிந்தவர் காடியை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வர, தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, பனியனோடு காற்றாடிக்குக் கீழே சாய்ந்திருந்தார். எதிரே முக்காலியில் காலிக் கப்பு. அடியில் கரிய கசடு.

"வாங்க மாப்ள. புதுக் கோப்பியா? நல்லாருந்துச்சு. லேசா வேர் வாசம் அடிக்குது."

பரமேஸ்வரன் அடுக்களைப் பக்கம் பார்த்தான். மேடையில் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி திறந்து கிடந்தது.

"வீட்டுத் தூள் தீந்துபோச்சுங்க" என்றாள் மோகனா, நண்டுப் பையை வாங்கிக்கொண்டே. "அப்பாவுக்கும் சக்கரைதான, உங்க கோப்பியே போட்டுக் குடுத்தேன். அவருக்குக் கடுமா இருக்கணும்ல, நெறையாவே போட்டேன்."

பரமேஸ்வரன் நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். மாமனாரை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போய்க் காட்டுகிறவனே அவன்தான். அந்தச் சட்டைப் பையில் சின்னப் பழுப்பு பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். நெஞ்சைப் பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை. இங்கே வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், மறந்தாலும் மறப்பார் என்று அதை ஞாபகமாகப் பையில் போட்டுவிடுகிறவனும் அவன்தான்.

சொல்லிவிடலாம் என்றுதான் அடுக்களை வாசலுக்குப் போனான். மோகனா நண்டின் ஓட்டை உரித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வாயில் அதே பாட்டு. மகள் தர்ஷினி பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தாள். பாலிடெக்னிக் விடுமுறைக்கு வந்தவள்.

"என்னங்க, எலுமிச்சம்பழம் வாங்கலையா?"

"மறந்துட்டேன்" என்றான் பரமேஸ்வரன்.

திரும்பிக் கூடத்துக்கு வந்தான். மாமனார் கால் கழுவப் போயிருந்தார். நாற்காலியில் சட்டை தொங்கியது. கை தானாகப் போய் அந்தப் பழுப்பு பாட்டிலை எடுத்து, தன் கால்சட்டைப் பைக்குள் போட்டது. ஒரு நாளைக்குத்தான். மாத்திரை இல்லையென்றால் அவர் வைக்க மாட்டார், வைக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. நாளைக்குக் காலையில் கீழே கிடந்தது என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

திரும்பி வந்த மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. கன்னத்திலும் சிவப்பு ஏறியது.

"என்ன மாப்ள, புதுசா பாக்கறாப்ல பாக்குறீங்க? பொண்ணு பாக்க வந்தன்னிக்குகூட இப்படிப் பாக்கலியே."

"ஒண்ணுமில்ல மாமா. காத்தாடியக் கூட்டட்டா?"

"கூட்டுங்க. தல கனமா இருக்கு."

அடுக்களையிலிருந்து அம்மி ஓசை வந்தது. தாளிக்கும் வாசம் வந்தது. ஒவ்வொரு ஓசைக்கும் பரமேஸ்வரன் எழுந்திருக்கப் போய் மறுபடியும் உட்கார்ந்தான். ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். சொன்னால் மோகனா தன்னை எப்படிப் பார்ப்பாள், மாமனார் எப்படிப் பார்ப்பார், மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டும் அவனை நாற்காலியோடு சேர்த்து அழுத்தின.

சோறு போட்டு நண்டுக் குழம்பை ஊற்றியபோது, சாமிக்கண்ணு கையை நனைக்கவே இல்லை. நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். நெற்றி ஈரமாகிவிட்டது.

"பாப்பா, என் சட்டைப் பையில பாட்டில் இருக்கும், எடு."

மோகனா ஓடினாள். சட்டையை உதறினாள். பையைப் புரட்டினாள். "ஐயோ, இல்லையே! தர்ஷினி, சோபாவுக்கு அடியில பாருடி!"

மகள் தரையில் படுத்துத் தேடினாள். பரமேஸ்வரனின் கால்சட்டைப் பையில் அந்தப் பாட்டில் தொடையை உறுத்தியது.

"தேட வேணாம். காடியில ஏத்துவோம்" என்றான்.

"மாத்திரை வச்சாத்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும்னு சொல்லியிருக்காங்கல்ல! பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்காகிட்ட இருக்கும். அவங்களுக்கும் இதே மாத்திரைதான், வாங்கிட்டு வரேன்."

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்குப் பாய்ந்தாள். பரமேஸ்வரன் குறுக்கே போய்க் கதவில் கையை ஊன்றினான்.

"வேணாம்னு சொல்றேன்ல!"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு திரும்பி, அப்பாவின் கைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள்.

காடியை அவன்தான் ஓட்டினான். பின்னால் சாமிக்கண்ணு மோகனா மடியில் சாய்ந்து முனகினார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோதெல்லாம் அவன் பையில் மாத்திரை பாட்டில் கலகலத்தது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்கிறதோ என்று ஒரு கையால் பையை அழுத்திக்கொண்டான்.

அவசரப் பிரிவில் உடனே கட்டிலில் போட்டார்கள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். முக்காடு போட்ட இளம் டாக்டர் ஒருத்தி, மலாயில் வேகவேகமாகக் கேட்டாள். சர்க்கரை இருக்கிறதா? நெஞ்சுவலி எப்போதிலிருந்து? நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை போட்டாரா? மோகனா, தேடினோம் கிடைக்கவில்லை என்றாள். அடுத்த கேள்வியை டாக்டர் சற்றுத் தணிந்த குரலில் கேட்டாள். ஆண்மைக்குக் குடிக்கும் காப்பி, தோங்காட் அலி வேர், ஊபாட் கூவாட் என்கிற வீரிய மருந்து, அப்படி ஏதாவது?

இந்தப் பதற்றத்திலும் தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ டாக்டர், தாத்தாவுக்கு எழுபதுக்கு மேல ஆச்சுலா!" என்றாள். மோகனா கூச்சத்தோடு, இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினாள். "தாக் அடா, தாக் அடா."

டாக்டர் பக்கத்துத் தட்டிலிருந்து நாக்குக்கு அடியில் அடிக்கிற மருந்துக் குப்பியை எடுத்தாள். "பக்சிக், வாயைத் திறங்க" என்றாள் பெரியவரிடம். சாமிக்கண்ணு சொன்னபடி நாக்கைத் தூக்கினார். பல்லில்லாத கீழ்த்தாடையும் வெளுத்த நாக்கும் தெரிந்தன.

"ஜாங்கான், டாக்டர்!"

வேண்டாம் என்று கத்திய பரமேஸ்வரனின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. டாக்டரின் கை நின்றது.

"டியா மீனும் கோப்பி சாயா." அவர் என் காப்பியைக் குடித்தார். அதற்கு மேல் மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கைப்பேசியைத் திறந்து, முனியாண்டி எப்போதோ அனுப்பிய படத்தைக் காட்டினான். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கறுப்புக் குதிரை. டாக்டர் பார்த்தாள், தர்ஷினி எட்டிப் பார்த்தாள், மோகனாவும் பார்த்தாள். டாக்டர் குப்பியைத் தட்டில் வைத்துவிட்டு, தாதியிடம் வேறு ஏதோ மருந்தைக் கொண்டுவரச் சொன்னாள். எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று அவனிடம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

குடும்பத்தார் காத்திருக்கும் சின்ன அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். தர்ஷினி கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்காமல் இருக்கத்தான் அது என்று அவனுக்குப் புரிந்தது. வெகுநேரம் கழித்து டாக்டர் வந்து, இப்போதைக்குத் தாங்கிவிட்டார், நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று என்றாள். வழக்கமாகப் போடும் மாத்திரைகள் கைவசம் இருந்தால் தாதியிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அந்தப் பாட்டில்தான் தொலைஞ்சு போச்சே" என்றாள் மோகனா, யாரிடமோ சொல்வதுபோல.

பரமேஸ்வரன் கால்சட்டைப் பையில் கையை விட்டான். பழுப்பு பாட்டிலை எடுத்து, நடுவில் இருந்த மேசையில் வைத்தான்.

மோகனா பாட்டிலைப் பார்த்தாள். "தர்ஷினி, போய் ஒரு மினரல் வாட்டர் வாங்கிட்டு வா" என்றாள். மகள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"இது எப்ப உங்க பைக்கு வந்துச்சு?"

"நீ நண்டு கழுவிக்கிட்டு இருந்தப்ப."

"நண்டு கழுவுறப்ப." அவள் அதையே திருப்பிச் சொன்னாள். "அதுக்கப்புறம் நான் அரைச்சேன். தாளிச்சேன். சோறு வடிச்சேன். எலுமிச்சம்பழம் கேட்டேன். அவ்ளோ நேரமும் அவரு எதிர்ல உக்காந்துக்கிட்டு இருந்தீங்க."

"சொல்லத்தான் வந்தேன், மோகனா."

"முருங்கைக்கா வாங்கிட்டு வந்தீங்க, நான் ஏதாச்சும் கேட்டேனா? உடும்பக் கொண்டாந்து கோழின்னு குடுத்தீங்க. கேட்டேனா? கோப்பின்னாலும் கேட்டிருக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாற்காலியில அப்படியே உக்காந்திருந்தீங்களே, எதுக்குப் பயந்துக்கிட்டு? அப்பா போயிருவாருன்னா, இல்ல எனக்குத் தெரிஞ்சிரும்னா?"

அவன் மேசையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். கூடத்துக் காற்றாடியும் சிவந்த காது மடலும்தான் நினைவுக்கு வந்தன. எந்தப் பயம் முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருப்பானா என்பதும் தெரியவில்லை.

மோகனா பதிலுக்காக அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே தாதி சாமிக்கண்ணுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மோகனா எழுந்தாள். பிறகு மேசையிலிருந்த பழுப்பு பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே போனாள்.