மகளின் ஜன்னலோரத்து லிண்ட் மரம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் நித்திரையானாள்.

இந்தக் குளிர்நாட்டில், மோர்டென்ஸ்ருட் என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், அவளுடைய கட்டிலுக்கு நேர் வெளியே பெரிய லிண்ட் மரம் ஒன்று நிற்கிறது. காற்றடித்தால், அவள்மேல் விழுந்துவிடுமோ என்று எனக்கு உறக்கமில்லை. அதை வெட்டுவதா என்று நாளை குடியிருப்புக் கூட்டத்தில் வாக்கெடுப்பு.

இன்று அதைச் சோதிக்க மரம் பராமரிப்பவர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் நம்மவர். கயிற்றில் ஏறி, சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு இறங்கினார்.

"உள்ளுக்குக் கொஞ்சம் கோறைதான், பொந்து மாதிரி, தங்கச்சி. ஆனா சுத்திவர நல்ல தடிப்பு. நிக்கும்."

"பேசாமல் வெட்டினா என்ன அண்ணா?"

"எல்லாரும் வெட்டத்தான் கூப்பிடுகினம். வெட்டாமல் வைச்சிருக்கத்தான் நாங்கள் படிச்சனாங்கள்," என்றார் களைத்த குரலில்.

மனம் ஆறியது. பிறகுதான் கவனித்தேன். மரத்தடியில் இடமிருந்தும் அவர்களின் வான் வண்டி தெருக்கோடியில் நின்றது.

"பிறகேன் வானை அங்கை விட்டனீங்கள்?"

"இலையிலை இருக்கிற பூச்சியாலை பிசின் மாதிரி ஒழுகும். எங்கட வேலைக்காரர் ஒருத்தரும் லிண்டுக்குக் கீழ விடமாட்டினம்."

பிசின்தான் காரணம் என்று நம்புகிறேன். ஆனாலும் கட்டிலை மறுபக்கச் சுவரோடு இழுத்துப் போட்டுவிட்டேன்.

நீங்களென்றால் எதற்குக் கை உயர்த்துவீர்கள்? கூட்டத்துக்கு முன் பதில் எழுதுங்கள்.