ஏழாள் விழுந்த காட்சி

பகலில் பஸ் கண்டக்டர், பொழுது சாய்ந்தால் நாடகக்காரர். ஊரில் அவருக்கு ஏழாள் என்று பெயர். ஒரே நாடகத்தில் ஏழு வேஷம் கட்டியவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நீதிபதியாக வந்து தண்டனை கொடுப்பார். மூன்று நிமிடத்தில் தண்டனை வாங்கியவனின் அம்மாவாக வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே ஆள் அடையாளம் தெரியாது.

முப்பத்தொரு வருடத்தில் பத்தொன்பது நாடகம், அத்தனையும் அவரே எழுதியவை. எழுதுவதற்கான சரக்கு பஸ்ஸிலேயே ஏறி இறங்கியது. பின்சீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தால், சில்லறை தேடுவதுபோல் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார். அடுத்த மாதம் அந்தச் சண்டை மேடையேறிவிடும். சண்டை போட்ட மனிதரே வந்து உட்கார்ந்து, "பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டு இவன் முழிக்கிறதப் பாரு!" என்று விழுந்து விழுந்து சிரித்ததும் உண்டு.

திரைக்கயிறும் வசன நோட்டும் மனைவியின் பொறுப்பு. பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாராவது வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்களைச் சமாளித்துவிடலாம், இவரோடுதான் பாடு. எழுதியதை எழுதியபடி பேசினால் இவருக்குத் தூக்கம் வராது. வசனத்தின் நடுவே திடீரென்று ஊமையாவார், காரணமில்லாமல் தரையில் உட்கார்ந்துவிடுவார். எதிரே நிற்பவர் திண்டாடிப்போய் ஏதாவது சொல்வார், அதுதான் அன்றைக்குச் சக்கைப்போடு போடும். "நான் என்ன பண்ணாலும் நிறுத்தாதீங்க, கூடவே வாங்க" என்பது குழுவுக்கு அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

ஒருநாள் நாடகத்தின் கடைசிக் காட்சி. அவருக்கு அப்பா வேஷம், குழுவில் இருந்த ஊர்த் தையல்காரருக்கு மகன் வேஷம். வீட்டை விட்டுப் போகச் சொல்லி மகனை விரட்ட வேண்டும். "இனிமே இந்த வாசப்படி" என்றவர் அதற்கு மேல் பேசவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. நாற்காலியைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். தையல்காரர் பழக்கப்பட்டவர். சட்டென்று மண்டி போட்டு, "அப்பா, என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்று காலைக் கட்டிக்கொண்டார். கொட்டகையே எழுந்து நின்று கை தட்டியது. கை தட்டுகிறவர்களுக்கு என்ன, தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்போது அவருடைய கண் பக்கத் தட்டியை நோக்கி வந்தது. திரைக்கயிறு மனைவி கையில்தான் இருந்தது. அவளோ, நல்லா வருது, போங்க என்று தலையை ஆட்டினாள். தையல்காரர் இருபது நிமிடம் காட்சியை இழுத்தார். திரை இறங்கிய பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பேச்சாவது தப்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர். மனிதர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

உயிர் பிழைத்தார். புத்தியில் ஒரு குறையும் இல்லை. வலது கையும் நாக்கும் போய்விட்டன. ஏழு பேருக்குப் பேசிய வாய்க்குத் தண்ணீர் கேட்கவும் வழியில்லை. மகள் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்து இடது கையால் எழுதப் பழக்கினாள்.

ஏழு மாதமாக மனைவிக்கு ஒரே நினைப்பு. என்னைத்தானே பார்த்தார், காப்பாத்துன்னுதானே கேட்டார், பாவி நான் தலையை ஆட்டினேனே! மகளிடம் சொன்னால், "விடும்மா, யாருக்குத்தான் தெரிஞ்சுது?" என்பாள். விடுகிற காரியமா அது?

ஒருநாள் மத்தியானம் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த மனைவி, தாங்கமாட்டாமல் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குப் புரியலீங்க. உங்க வாயை அடைச்சது நான்தாங்க."

அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். சிலேட்டைக் காட்டினார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

'காலையிலயே கை மரத்துப் போச்சு.'

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

'சொன்னா நீ நடிக்க விடமாட்டே.'

பழி தன்மேல் இல்லை என்று ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. மறுகணம் அந்த நாளின் காலைப்பொழுது நினைவில் வந்து நின்றது. குளித்துவிட்டு வந்தவர், சட்டையைத் திறந்து போட்டபடி அவள் எதிரில் வந்து நின்றார். "இன்னிக்கு நீயே பட்டன் போட்டு விடேன். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கட்டும்" என்றார். "இந்த வயசுல என்ன கொஞ்சல்" என்று அவள் முகம் சிவக்க ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை மாதமாக, அழுது ஓய்ந்த பொழுதெல்லாம் அவள் அந்த ஒரு காலையை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ, பட்டன் போடச் சொன்னது?" என்று கேட்டாள். "அதுவும் நடிப்புதானாங்க?"

சிலேட்டுக்குச்சி அவர் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.