கற்பூரத்தில் கை வைக்கச் சொன்னேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தயங்கினேன். அம்மன் மன்னிக்கட்டும், எழுதிவிடுகிறேன்.

முத்தியால்பேட்டையில் என் அம்மாவோடு குடியிருந்தோம். என் மனைவி கஸ்தூரிக்குத் திடீரென்று சமையல் தடுமாறியது. தாளித்துவிட்டு, பருப்பு வேகவைக்கவில்லையே என்று நிற்பாள். ஆனால் என் தங்கை பிள்ளைகளின் பிறந்த நாள்வரை ஞாபகம் வைத்திருந்தாள். தனிக்குடித்தனம் போக நாடகம் ஆடுகிறாள் என்று சந்தேகப்பட்டேன்.

"நல்லா நடிக்கிறடி. சினிமாவுல சேத்துவுடட்டா?" என்பேன். அவள் அழுதால் அதையும் நம்பமாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் தட்டில் கற்பூரம் ஏற்றி, "நடிக்கலன்னா கையால அணைச்சி சத்தியம் பண்ணு" என்றேன்.

உடனே உள்ளங்கையால் அணைத்தாள். "ஆத்தா சத்தியமா நடிக்கலங்க. எல்லாம் ஞாபகம் இருக்குது. எதை முதல்ல செய்யறது, எதை அப்புறம் செய்யறதுன்னுதான் தெரியல."

தீ அணைந்தும் சுடும் தட்டிலிருந்து கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். "இப்ப எடுக்கணுமாங்க?"

நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குமேல் சந்தேகப்பட முடியவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொண்டே வரும் அபூர்வ வியாதியாம்.

"ஞாபகம் நல்லா இருக்கும். வரிசையா ஒரு வேலைய செய்யத்தான் வராது" என்றார் டாக்டர். அவள் அம்மன் எதிரில் சொன்னதும் அதுதானே!

இப்போது காலையில் அடுப்பருகே நின்று "முதல்ல பருப்பு" என்று நான் சொல்ல, அவள் சமைக்கிறாள். சோறு போடும்போது உள்ளங்கைத் தழும்பு தெரியும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கற்பூரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள்.