டபுள்ஸ் போவீங்களா?

என் வீட்டுக்காரர் சவூதி வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊருக்கு வந்ததும் முதலில் வாங்கியது கட்டிலோ பீரோவோ இல்லை. ஒரு பெரிய பைக். திருச்சியில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, ஓட்டப் பயந்து விற்ற ஸ்போர்ட் டூரிங் வண்டி. பொன்னமராவதியில் எங்கள் தெருவுக்குள் அதைத் திருப்புவதே பெரும்பாடு. “இது சும்மா பறக்குற வண்டி இல்ல. ரெண்டு பேரு ஏறி உக்காந்து நாள் பூரா ஊர் சுத்துற வண்டி” என்றார். அந்த ரெண்டு பேரில்தான் நான் மயங்கிப்போனேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே. எப்போதாவது லீவில் வருவார். பெட்டியைப் பிரித்து ஆளாளுக்குச் சாமான் கொடுத்து, காதுகுத்து, வளைகாப்பு என்று நாலு வீட்டுக்குத் தலைகாட்டி முடிப்பதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். வீட்டில் நாங்கள் ரெண்டே பேர்தான், ஆனாலும் ரெண்டு பேராக வாழ்ந்து எங்களுக்குப் பழக்கமே இல்லை. இனிமேலாவது அது வருமா என்பதுதான் என் கவலை. வண்டியெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

அவருக்கோ வண்டிதான் எல்லாம். தினம் ஒரு கூரியர் பார்சல் வந்தது. சைலன்சர் மாறியது, ஏர் ஃபில்டர் மாறியது, கிளட்சைப் பிடிக்காமலே கியர் போட ஒரு சாமான் வந்தது. என்ஜினுக்குள் பெட்ரோல் போகிற கணக்கை மாற்றுவதற்கு ஒருவர் லேப்டாப்போடு வந்து எங்கள் வீட்டில் ரெண்டு வேளை சாப்பிட்டுப் போனார். நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டுறீங்க என்று கேட்டால், “கம்பெனிக்காரன் பயந்து பயந்து செஞ்சு வச்சிருப்பான், உனக்குத் தெரியாது” என்பார். புதுச் சைலன்சரோடு முதன்முதலாக ஸ்டார்ட் செய்த அன்று அடுப்படியில் நான் தோசைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்தால் வாசலில் வண்டியின் சேலை கார்டு கழற்றிக் கிடக்கிறது. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சேலை சக்கரத்தில் சிக்கி இழுபட்டு வந்த பெண்களுக்கு என் கையால் கட்டுப் போட்டிருக்கிறேன். ஏங்க கழட்டுனீங்க என்று கேட்டேன். “அது தண்ட வெயிட்டு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு வருகிற கோபத்துக்கு அன்றைக்கு ஊரே கூடியிருக்க வேண்டும். ஆனால் நான் கடைவீதிக்குப் போய் ரெண்டு சுடிதார் எடுத்து வந்தேன். ஜெகதாப்பட்டினம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, அப்படியே கரையோரமாக ராமேஸ்வரம் வரை போவதாகப் பேச்சு இருந்தது. டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அதற்கு லீவும் வாங்கிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் கடைசி வேலையாகப் பின் சஸ்பென்ஷனை மாற்றப் புதுக்கோட்டையில் ஒரு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ஏறி உட்காருகிற ஆளின் எடைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை இறுக்க வேண்டுமாம். நான் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ரெண்டு ஹெல்மெட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“வெயிட்டு எவ்வளவுண்ணே?” என்று மெக்கானிக் கேட்டார். இவர் சொன்னார்.

“டபுள்ஸ் போவீங்களா?”

“இல்லப்பா. சிங்கிள்தான்.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டுகளைப் பார்த்தார், பிறகு குனிந்து ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார். பாவம், அது அவர் கையிலேயேதான் இருந்தது.

நான் எழுந்து போனேன். “எனக்கு அம்பத்தெட்டு கிலோங்க. அதையும் சேத்து வைங்க” என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. இவர் திரும்பினார். திருட்டு முழி முழிப்பார், பிடித்து உலுக்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கேஸை அணைக்காமல் வந்துவிட்டவர் மாதிரி பதறிப்போய், “அட, ஆமால்ல!” என்றார்.

அந்த “ஆமால்ல”வில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர் மறைக்கவில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். பொய் சொல்கிற புருஷனோடு சண்டை போட எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மெக்கானிக் ஸ்பிரிங்கை இறுக்கி முடித்தார். “ரெண்டு பேருக்கும் சேத்து செட் பண்ணிட்டேங்க்கா. ஒத்த ஆளாப் போனா மேடு பள்ளத்துல தூக்கித் தூக்கி அடிக்கும்” என்று என்னிடம்தான் சொன்னார்.

நாலு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று விராலிமலைப் பக்கம் திருப்பினார். வழியெல்லாம் சமாதானம். “அங்க ரூமா இருந்தாலும் சரி, மெஸ்ஸா இருந்தாலும் சரி, எத்தன பேருன்னு கேட்டா ஒத்த ஆளுன்னுதான் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிருச்சு. மனசுல வச்சுக்காத.” எனக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை வருஷம் அந்த மனுஷன் தனியாகச் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்துக்கொண்டே வந்தேன்.

விராலிமலை தாண்டி ஒரு பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினார். எல்லாப் பெண்களும் செய்வதுபோல நான் இறங்கி, முன்னால் நடந்துபோய் வெளியே போகிற வழியில் நின்றேன். பெட்ரோல் போட்டார். ஹெல்மெட்டை மாட்டினார். வண்டி என்னைப் பார்த்து வந்தது. நான் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன். வண்டி என்னைத் தாண்டிப் போனது.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டே நின்றேன். சர்வீஸ் ரோட்டில் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பாழாய்ப்போன சைலன்சர் சத்தம் தேய்ந்து தேய்ந்து, அப்புறம் லாரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“என்னக்கா, அண்ணன் விட்டுட்டுப் போயிட்டாரா?” என்று பெட்ரோல் போட்ட பெண் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். உதடு கோணிக்கொண்டதே தவிரச் சிரிப்பு வரவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அவர் போன் என் கைப்பையில் இருந்தது. திரும்பி வந்துவிடுவார் என்று தெரியும். பின்னால் நான் இல்லை என்பது எந்த ஊர் தாண்டித் தெரியும் என்பதுதான் தெரியவில்லை. பட்டப்பகலில், அவ்வளவு ஜனம் போகிற ரோட்டில், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வந்தார். எதிர்த் திசையில், ரோட்டின் ஓரத்தை ஒட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஸ்பீட் பிரேக்கர்ல பின்னாடி தூக்கி அடிச்சுச்சு. அப்பத்தான்...”

கிழி கிழி என்று கிழிக்கத்தான் நினைத்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எப்போதும் பின்கம்பியைத்தான் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் தோளில் கையை வைத்தேன். உடம்பு தூக்கிப்போட, வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார்.

“நாந்தாங்க” என்றேன்.