ரவுண்ட்ஸ் நேரத்தில் நான் வெளியே

சிதம்பரத்தில் இருந்தபோது ஒருமுறை ஊசி போட்டதில் என் ஆறு வயது மகளின் முகமே வீங்கிவிட்டது. அந்த மருந்தின் பெயரை நான் மறக்கவே இல்லை.

போன மாதம் காய்ச்சல் என்று கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவளைச் சேர்த்தோம். அன்றே நர்ஸிடம் இதைச் சொன்னேன். "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லுங்கம்மா" என்றார். ரவுண்ட்ஸ் வந்ததும், "கூட இருக்கறவங்கல்லாம் வெளிய போங்க" என்று விரட்டினார் வார்டு ஆயா. "டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணுங்க" என்றேன். "அவருக்குத் தெரியாததா? போங்கம்மா!" என்று கதவைச் சாத்திவிட்டார்.

டாக்டர் போனதும் மருந்துச் சீட்டு மட்டும் என் கைக்கு வந்தது. கீழே கடையில் வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போதுதான் டப்பாவைப் பார்த்தேன். அதே பெயர்! வார்டில் நான் போட்ட சத்தத்தில் டாக்டரே திரும்பி வந்தார். "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றார்.

மருந்தை மாற்றினார்கள், மகள் தேறிவிட்டாள். இப்போது அவளுடைய ஃபைல் அட்டையிலேயே அந்தப் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். மீதி நாட்களில் ரவுண்ட்ஸ் நேரத்தில் யார் விரட்டியும் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. இனியும் நகரமாட்டேன். மருந்து வாங்க ஓடுவதற்கு மட்டும்தான் அம்மாவா?