ரோமுக்குப் போக அப்பாவைப் படுக்கவைத்த கதை

கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் பரமக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தேன். பாடப் புத்தகத்தில் ரோம் வரும். தபால்தலை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் அந்த வட்ட அரங்கம் பாதி கடித்த முறுக்கு மாதிரி இருக்கும். அதைக் காட்டிக் காட்டி, நேரில் பார்த்தவள் மாதிரி ஆறு வருஷம் பேசியிருக்கிறேன். பிறகு துபாய் வந்தேன். விசாவில் என் தொழில் இல்லத்தரசி என்று அடித்திருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ரோமைப் பார்க்காமலே அளந்துவிட்டதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் பின்பகுதி அது. என் வீட்டுக்காரர் ஜெபல் அலித் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர். அதே சமயம், யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லவும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, பெருநாள் லீவோடு நாலு நாள் சேர்த்து ரோமுக்குப் போய்வரலாமா என்று கேட்டேன். போகலாமே என்றார். நான் சண்டைக்குத் தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகப் போயிற்று.

அடுத்த ஒரு மாதம் எங்கள் ஒற்றை அறையில் ரோம்தான் குடியிருந்தது. பழைய புத்தகக் கடையில் ஒரு வழிகாட்டி வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கம் தெருக்களை வரைந்தேன். முதல் நாள் அரங்கமும் அதை ஒட்டிய இடிபாடுகளும். இரண்டாம் நாள் வாத்திகன். மூன்றாம் நாள் கூரையில் வட்ட ஓட்டை உள்ள அந்தக் கோயிலும் நீரூற்றுகளும். நாலாம் நாள் கால் வலிக்கும் என்பதால் ஆற்றங்கரை. அவர் பங்குக்கு அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர் என்று பட்டியல் போட்டார். ரோமாபுரியில் போய்ப் பருப்புப் பொடி சாதமா என்று கேலி செய்தேன். ஆனால் பட்டியலில் அப்பளத்தைச் சேர்த்தது நான்தான்.

ஒரு நாள் வேலை விட்டு வரும்போது பெரிய அட்டைப் பெட்டி, நைலான் கயிறு, ஒரு டஜன் தைலம், பால் பவுடர், இரண்டு டார்ச் லைட் எல்லாம், ஊருக்குப் போகிறவர்கள் வாங்குவதுபோல, வாங்கிக்கொண்டு வந்தார். இதெல்லாம் யாருக்கு என்றேன். பெட்டியைக் கீழே வைத்தார். பயணம் என்றால் வாங்கத்தானே வேண்டும் என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். வருஷ லீவை எடுத்து முடித்த பிறகு திரும்ப லீவு வேண்டுமென்றால் ஒரே வழி, ஊரிலிருந்து தந்தி வர வேண்டும். அம்மா சீரியஸ், உடனே புறப்படு. அலுவலகத்தில் அதை நம்பினார்களோ இல்லையோ, லீவு கிடைத்துவிடும். ஒரே பாட்டியை மூன்று தடவை சாகடித்தவர்கள் எல்லாம் எங்கள் கட்டடத்திலேயே இருந்தார்கள். கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன் ரோமைச் சுற்றிப் பார்க்க லீவு கேட்பதா என்று கூச்சப்பட்டு, எங்கள் வீட்டுக்காரரும் எனக்குத் தெரியாமல் அதையே செய்திருக்கிறார்.

அலுவலகம் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டையும், விசாவுக்காக நான் கேட்டிருந்த லீவுக் கடிதத்தையும் ஒரு நாள் அவர் கொண்டுவந்து கொடுத்தார். கடிதத்தைப் பிரித்தேன். மனைவியின் தகப்பனார் ஆபத்தான நிலையில் இருப்பதால் இவர் இந்தியா செல்கிறார் என்று இருந்தது. அப்பாவுக்கு என்ன என்று கத்தினேன். அவர் பதறிப்போய், மாமாவுக்கு ஒன்றுமில்லை, லீவுக்காகச் சொன்னது என்றார். போன உயிர் திரும்பி வந்ததும் கோபம் வந்தது பாருங்கள், அன்று அவர் வாங்கிய திட்டு ஏழு ஜென்மத்துக்குக் காணும். இந்தியாவுக்குப் போகிறான் என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு எந்தத் தூதரகம் இத்தாலிக்கு விசா தரும்? பொய் சொல்லவும் என் அப்பாதானா கிடைத்தார்?

மறுநாள் அவரைத் தள்ளாத குறையாக அர்பாபிடம் கூட்டிப்போனேன். கம்பெனியில் எல்லாரும் முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். வயதான அரபி, எங்களிடம் உருதுவில் பேசுவார். உண்மையைச் சொன்னால் ரோம் கிடைக்குமோ, இல்லை வேலையே போய்விடுமோ என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர், தந்தி பொய் என்றும் மனைவி ரோமைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றும் சொன்னார். எனக்காக ஒருவரிடம் அவர் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பயத்திலும் எனக்கு அது பெருமையாக இருந்தது.

அர்பாப் என்னைப் பார்த்து, அங்கே எதைப் பார்ப்பாய் என்றார். நாலு நாளையும் ஒப்பித்தேன். அவர் இரண்டு தடவை போயிருக்கிறாராம். செருப்புக் கடை தவிர ஒன்றும் பார்த்ததில்லையாம். வேறு கடிதம் தருகிறேன், ஆனால் உன் அப்பா நன்றாக இருக்கிறார் என்று என் காதுபடக் கேள் என்று போனை என் பக்கம் தள்ளினார்.

அம்மா காலமான பிறகு அப்பா என் தம்பி வீட்டில் இருந்தார். அவரே எடுத்தார்.

"ஆத்தா, எப்பப் பிளேனு? மாடி ரூமைக் கழுவி விட்டாச்சு. தந்தி நானேதான் தபாலாபீசுக்கு நடந்துபோயிக் குடுத்தேன். யாருக்குய்யா சீரியசுன்னு கேட்டான். எனக்குத்தான்யான்னேன்" என்று சிரித்தார்.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவிடம் தந்தி அடியுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார், எதற்கு என்று சொல்லவில்லை. தந்தி அடித்தால் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். அப்பாவுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ரோமே வேண்டாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் சொன்னேன். "அப்பா, நாங்க ஊருக்கு வரலப்பா. ரோமுக்குப் போறோம். சும்மா, பாத்துட்டு வரத்தான்."

லைன் போய்விட்டதோ என்று அப்பா அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன் ஆத்தா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒங்கம்மா மாமல்லபுரம் பாக்கணும் பாக்கணும்னு எத்தனையோ வருசம் கேட்டா. அங்க நமக்கு யாரு வீட்டுக் கல்யாணம், என்னத்துக்குப் போறதுன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளை கூட்டிட்டுப் போறாருல்ல, போயிட்டு வா."