ஆபீஸில் பதினொரு குழந்தைகள்

தேயிலை விலை சரிந்துகொண்டே போன காலத்தில் நான் கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தேன். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் துரை, அதாவது மேனேஜர், முதலில் கைவைத்தது குழந்தைகள் காப்பகத்தில். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தொழிலாளர்கள் அதைப் புள்ளைக்காம்பரா என்பார்கள். துரை அதைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆண்கள் சிலர் ஆபீஸ் கண்ணாடியை உடைக்கக் கிளம்பியிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு அக்காதான் அவர்களை மறித்தவர். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"கண்ணாடிய ஒடைச்சா போலீஸ் வரும், புள்ளைக்காம்பரா வராது. கல்லக் கீழ போடுங்க. நாளைக்கு நாங்க பாத்துக்கிறோம்" என்றாராம்.

மறுநாள் காலை பெண்கள் வரிசையாக ஆபீஸுக்கு வந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. இடுப்பில் பிள்ளைகள். அக்கா கைகூப்பினார்.

"கிளாக்கரையா, நாங்க வேலைய நிறுத்தல. கொழுந்துக்குப் போறோம். புள்ளைங்கள மட்டும் பாத்துக்குங்க. இந்தச் சின்னவனுக்குப் பத்து மணிக்குக் கஞ்சி."

"ஏனுங்க, இது ஆபீஸுங்க" என்றேன்.

"தெரியுங்கய்யா. தொறந்திருக்கிற எடம் இது ஒண்ணுதானே."

போய்விட்டார்கள். வேலிக்கு அப்பால் ஒரு தாய் மறைந்து நின்று காவல் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒருத்தி ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் இரண்டு கன்னத்திலும் 'பெறப்பட்டது' என்று குத்திக்கொண்டாள். இன்னொருவன் துரையின் தொப்பிக்குள் உட்கார முயன்றான். மேலிடத்திலிருந்து போன் வந்தபோது மூன்று பேர் சேர்ந்து அழுதார்கள். "அங்கே என்ன சத்தம்?" என்று போனில் கேட்டார்கள். "பேக்டரி மெஷினுங்க" என்று சொல்லிவைத்தேன்.

இரண்டாம் நாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் துரை ஆபீஸில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, நான் எழுதக் கடிதம் சொன்னார். குழந்தை தூங்கிய பிறகும் அவர் கை நிற்கவில்லை.

நான்காம் நாள் அக்காவை உள்ளே கூப்பிட்டார். "இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க தொரை. எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பிச் சாவிக்குக் கை நீட்டினார். அதைக் கொடுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லெடுத்த ஆண்களே அன்று காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

காம்பராவில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பால் மட்டும் நின்றது நின்றதுதான். அக்கா திங்கள்தோறும் வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் வாசலில் நின்று பாலைப் பற்றி அமைதியாகக் கேட்டார். நான்காவது திங்களன்று, பாலுக்கு அனுமதி கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதும்படி துரை சொன்னார். பிள்ளைகளுக்காக அவர் சொல்லாத இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதினேன். படித்துப் பார்த்தவர், அவற்றை அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த மாதக் கடைசியில் பால் வந்தது.